ரெண்டு மார்க் வைரஸ்

"வைரஸ்கள் தமக்குத் தேவையான புரதங்களை எவ்வாறு தயாரித்துக்கொள்கின்றன?"

இது ரெண்டு மார்க் கேள்வி. பதில் எல்லோருக்கும் மனப்பாடம். "வைரஸ்களுக்குச் சொந்தமாகப் புரதம் தயாரிக்கும் அமைப்பு கிடையாது. அவை ஓம்புயிர் செல்லின் இயந்திரத்தைக் கைப்பற்றிப் பயன்படுத்திக்கொள்கின்றன." முற்றுப்புள்ளி. டிக். ரெண்டு மார்க். கைடிலும் இதுதான், ட்யூஷன் சென்டர் நோட்ஸிலும் இதுதான், கல்லூரிக்கு வந்த பிறகு காட்டப்படும் ஸ்லைடிலும் இதுதான். ஸ்லைடில் மட்டும் 'கைப்பற்றி' என்பது 'ஹைஜாக்' என்று மாறியிருக்கும். அவ்வளவுதான் உயர்கல்வி.

சரி, அந்த ரெண்டு மார்க்கை முழுசாக வாங்கிய மாணவன் அடுத்த மாதம் ஜலதோஷமும் காய்ச்சலும் வந்தால் என்ன செய்கிறான்? தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "அண்ணே, அசித்ரோமைசின் ஒரு மூணு கொடுங்க" என்கிறான். அண்ணனும் கொடுக்கிறார். அட்டையில் போட்டிருக்கும் சிவப்புக் கோடு ரெண்டு பேர் கண்ணிலும் படுவதில்லை. மூன்று நாளில் காய்ச்சல் விடுகிறது. மாத்திரை போடாவிட்டாலும் விட்டிருக்கும். ஆனால் நல்ல பெயர் மாத்திரைக்கு!

இவன் பாடம் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தான், எழுதினான், மார்க் வாங்கினான். அசித்ரோமைசின் ஏன் வேலைக்கு ஆகாது என்பதற்கான விடை அவன் எழுதிய அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவருக்கும் தோன்றவில்லை. ஆகவே இங்கே சண்டை பையன் மேல் அல்ல, அந்த வாக்கியத்தின் மேல்.

அசித்ரோமைசின் போய் உட்காருகிற இடம் பாக்டீரியாவின் ரைபோசோம். அதிலும் அதன் பெரிய துண்டு. டாக்சிசைக்ளின் என்றால் சின்னத் துண்டு. ரைபோசோம்தான் புரதம் கட்டுகிற இடம் என்பது தெரிந்ததே. பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ் வகை, மனித செல்லில் புரதம் கட்டுவது 80எஸ் வகை. இரண்டின் அமைப்பும் வேறு. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இந்த மாத்திரைகளே இருக்கின்றன. பாக்டீரியா சாகும், நோயாளி பிழைப்பார். (மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ரைபோசோம் பாக்டீரியா சாயலில் இருப்பதால் சில மருந்துகள் அங்கேயும் போய் வம்பு செய்யும். அது தனிக்கதை.)

வைரஸிடம் 70எஸ் கிடையாது, 80எஸ்ஸும் கிடையாது. அது ஓட்டுவது நோயாளியின் சொந்த 80எஸ்ஸை. மாத்திரை தேடிப்போகிற பூட்டு அந்த வீட்டிலேயே இல்லை. அப்படியானால் 80எஸ்ஸையே அடைத்துவிடலாமே? அதற்கும் ஒரு பொருள் இருக்கிறது, பெயர் சைக்ளோஹெக்சிமைடு. ஆய்வகத்தில் செல்களின் மேல் ஊற்றினால் வைரஸ் புரதம் நின்றுவிடும், கூடவே செல்லின் புரதமும் நின்றுவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

2020-ல் கொரோனா வந்தபோது இந்தக் குழப்பம் உலகம் முழுக்க அரங்கேறியது. அசித்ரோமைசினுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு, அதனால் உதவலாம் என்று ஒரு வாதம் இருந்தது. நியாயமான வாதம்தான், சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். பிரிட்டனில் ரெகவரி சோதனையில் 7,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் சோதித்தே பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. மருந்து கொடுத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 22 சதவீதம், கொடுக்காதவர்களிலும் அதே 22 சதவீதம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் எல்லாம் வைரஸ் காய்ச்சல் அல்ல. ஸ்க்ரப் டைஃபஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின் உயிர் காக்கும் மருந்து. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பின்னாலேயே பாக்டீரியா புகுவதும் உண்டு. எது எதுவென்று பார்த்துச் சொல்லத்தான் டாக்டர் இருக்கிறார். மெடிக்கல் கவுண்டரில் "எதுக்கும் இருக்கட்டும்" என்று வாங்குவதுதான் தப்பு. அந்த மூன்று மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் சும்மா குடியிருக்கிற பாக்டீரியாக்களுக்குத்தான் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கும்.

இதுவரை சொன்னது அந்த விடையைச் சரியாகப் படிக்காததால் வரும் கேடு. அடுத்தது அந்த விடையிலேயே இருக்கும் கேடு. 'இயந்திரத்தைக் கைப்பற்றி' என்கிறார்களே, அது பாதி பொய்.

போலியோ வைரஸை எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றித்தான் அதிகமாகத் தெரிந்திருக்கிறது. சுமார் 7,500 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றி ஒரு புரத உறை. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். அந்த ஆர்.என்.ஏ. செல்லுக்குள் போனதும் நேராக ரைபோசோமில் ஏறி சுமார் 2,200 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரே புரதமாகப் படிக்கப்படுகிறது. பிறகு வைரஸின் சொந்தக் கத்தரிகளே அதைத் துண்டு துண்டாக வெட்டி 11 புரதங்கள் ஆக்குகின்றன. 11 தான்! மனிதனை முடமாக்கிய நோயின் மொத்தச் சொத்து அவ்வளவே.

இப்போது ஒரு சிக்கல். மனித செல்லில் சாதாரண தூது ஆர்.என்.ஏ.க்களுக்குத் தலையில் ஒரு தொப்பி உண்டு. வேதியியலில் அது ஒரு மாற்றப்பட்ட குவானோசின். இஐஎஃப்-4இ என்ற புரதம் அந்தத் தொப்பியைப் பிடிக்கும். அதை இஐஎஃப்-4ஜி என்ற பெரிய புரதம் பிடிக்கும் (செல்போன் 4ஜி அல்ல). இந்த 4ஜி ஒரு சாரப்பலகை மாதிரி. ஒரு முனையில் 4இ, இன்னொரு பக்கம் முடிச்சவிழ்க்கும் 4ஏ, அதற்கும் பக்கத்தில் இஐஎஃப்-3. இந்த 3 வழியாகத்தான் ரைபோசோமின் சின்னத் துண்டு வந்து சேரும். தொப்பி இல்லையென்றால் இந்த வழியில் உள்ளே விட ஆளில்லை. போலியோ ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி கிடையாது! போதாததற்கு, புரதம் தொடங்க வேண்டிய இடம் சுமார் 740 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அதற்கு முன்னால் 'இங்கே தொடங்கு' என்று பொருள்படும் மூன்றெழுத்து ஏழெட்டு இடத்தில் சும்மா வருகிறது. முறைப்படி பார்த்தால் இந்த ஆர்.என்.ஏ. ஒரு புரதம்கூடக் கட்டக் கூடாது.

1982-ல் ஒரு விஷயம் தெரிந்தது. போலியோ தாக்கிய செல்களில் அந்தச் சாரப்பலகை, அதாவது 4ஜி, வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெட்டுவது 2ஏ என்ற வைரஸ் கத்தரி என்பது பிற்பாடு உறுதியானது. தொப்பி பிடிக்கும் முனை தனியாக, ரைபோசோமை அழைக்கும் முனை தனியாக. சில மணி நேரத்தில் செல்லின் சொந்தப் புரத உற்பத்தி படுத்துவிடுகிறது. வைரஸின் உற்பத்தி மட்டும் ஜோராக நடக்கிறது.

அது எப்படி என்பதற்கு விடை 1988-ல் வந்தது. மான்ட்ரியாலில் ஜெரி பெலட்டியேவும் நஹும் சோனன்பெர்க்கும் ஒரே ஆர்.என்.ஏ.வில் இரண்டு மரபணுக்களை வரிசையாக வைத்து, நடுவில் போலியோவின் அந்த 740 எழுத்துப் பகுதியைச் செருகினார்கள். செல்லைப் போலியோ தாக்கியதும் தொப்பியை நம்பியிருந்த முதல் மரபணு நின்றுபோனது, இரண்டாவது வேலை செய்தது. அதாவது ரைபோசோம் தலைவாசல் வழியாக வராமல் நடுவிலேயே இறங்கியிருக்கிறது. அதே ஆண்டு எக்கார்ட் விம்மரின் குழு எலியைத் தாக்கும் இன்னொரு வைரஸில் இதையே காட்டியது. இந்த நடு வாசலுக்கு ஐரெஸ் என்று பெயர் வைத்தார்கள். வெட்டிப்போட்ட 4ஜி-யின் பின்பாதி இருக்கிறதே, அது இந்த ஐரெஸில் வந்து ஒட்டிக்கொண்டு ரைபோசோமைக் கூட்டிவருகிறது. தொப்பி பிடிக்கும் பாதிதான் தேவையில்லை, மற்றதெல்லாம் தேவை. எதிரி ஊரின் பாலத்தை முழுசாக இடிக்காமல் தன் வண்டி போகிற பாதியை மட்டும் விட்டுவைத்த கதை.

இதில் 'இயந்திரத்தைக் கைப்பற்றுவது' எங்கே வருகிறது? செல்லில் ஒரு இயந்திரம் தயாராக நிற்கிறது, வைரஸ் வந்து சாவியைப் பிடுங்குகிறது என்ற படம்தானே அந்த வாக்கியம் தருவது? அந்தப் படம் தப்பு என்று காட்ட ஒரு பழைய சோதனை போதும். முயல் ரத்தத்தின் இளஞ்சிவப்பணுக்களைப் பிழிந்து எடுத்த சாற்றில் ரைபோசோம் உண்டு, மொழிபெயர்ப்புக்கு வேண்டிய காரணிகள் உண்டு. எந்தத் தூது ஆர்.என்.ஏ.வைப் போட்டாலும் சாதாரணமாகப் புரதம் வரும். அதில் போலியோ ஆர்.என்.ஏ.வைப் போட்டார்கள். புரதம் வந்தது, ஆனால் கண்ட இடத்தில் தொடங்கி தப்புத் தப்பாக வந்தது! அதே சாற்றில் மனித ஹீலா செல்லின் சாற்றைக் கொஞ்சம் சேர்த்தால் சரியாகிவிடுகிறது. இயந்திரம் முழுசாக இருந்தும் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றில் முக்கியமானது 'லா' என்ற புரதம் என்று 1993-ல் சோனன்பெர்க்கின் ஆய்வகம் காட்டியது. லூபஸ், ஷோக்ரன் நோயாளிகளின் உடல் தன் புரதத்தையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறதே, அப்படித் தாக்கப்படும் புரதங்களில் ஒன்றாக மருத்துவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானது அது. அது வழக்கமாகக் குடியிருப்பது செல்லின் கருவுக்குள். அதற்கும் ரைபோசோமுக்கும் நேரடி வேலை கிடையாது. போலியோ தாக்கியதும் கருவை விட்டு வெளியே வந்து ஐரெஸில் உட்காருகிறது. இன்னொரு புரதம் பிடிபி. அதற்கும் கருவில் வேறு உத்தியோகம், ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவதை மேற்பார்வையிடுவது. அதுவும் இங்கே வந்து கைகொடுக்கிறது. மூன்றாவது பிசிபிபி-2. இவற்றில் எதையுமே 'புரதம் தயாரிக்கும் இயந்திரம்' என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. வேறு வேலைக்கு வைத்திருந்த ஆட்கள்!

பிசிபிபி-2 விஷயம் இன்னும் சுவாரசியம். வைரஸ் ஆர்.என்.ஏ. ஒன்றுதான். அதைப் படித்துப் புரதமும் கட்ட வேண்டும், அதையே பார்த்து நகலும் எடுக்க வேண்டும். ரைபோசோம் ஒரு முனையிலிருந்து போகும், நகல் எடுக்கும் நொதி எதிர்முனையிலிருந்து வரும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரெண்டு ரயில். எப்போது ஒன்றை நிறுத்தி இன்னொன்றை விடுவது? போதுமான புரதம் சேர்ந்ததும் வைரஸின் கத்தரிகள் பிசிபிபி-2-வை வெட்டுகின்றன. வெட்டுப்பட்டது மொழிபெயர்ப்புக்கு உதாவது, நகலெடுக்க உதவும். பிடிபி-யையும் வெட்டுகின்றன. கடன் வாங்கிய ஆளே கைகாட்டி மரமும் ஆகிறான். 'கைப்பற்றி' என்ற ஒரே சொல்லில் இதெல்லாம் அடங்குமா?

வேடிக்கை என்னவென்றால் தமிழ்ச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஓம்புயிர், ஓம்புகிற உயிர். சில பழைய புத்தகங்களில் விருந்தோம்பி என்றுகூடப் பார்க்கலாம். உண்ணக் கொடுத்து, இருக்க இடம் கொடுத்து, கூட ஆளும் கொடுப்பது யார் என்பதை அந்தச் சொல் சொல்கிறது. அதைக் கொண்டுபோய் ஒரு விமானக் கடத்தல் வாக்கியத்தில் மாட்டிவிட்டார்கள்.

விம்மரின் ஸ்டோனி புரூக் ஆய்வகத்தில் நடந்த ரெண்டு சோதனைகளைச் சொல்லாமல் விட முடியாது. 1991-ல் உயிருள்ள செல்லே இல்லாமல், ஹீலா செல்லின் சாற்றில் போலியோ ஆர்.என்.ஏ.வைப் போட்டு, குழாய்க்குள்ளேயே முழு வைரஸை உண்டாக்கிக் காட்டினார்கள். 2002-ல் இன்னும் ஒரு படி. வைரஸின் வரிசையை எழுத்தாக எடுத்துக்கொண்டு, டி.என்.ஏ. துண்டுகளை விலைக்கு வாங்கிக் கோர்த்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து, அதையும் அதே சாற்றில் போட்டார்கள். நோய் தரும் வைரஸ் வந்தது. பத்திரிகைகள் 'செயற்கை உயிர்' என்று கத்தின. எந்தப் பத்திரிகையும் பெரிதாகப் போடாத செய்தி ஒன்று உண்டு. வைரஸை முழுசாக எழுத்திலிருந்து செய்ய முடிந்தது, ஹீலா சாற்றைச் செய்ய முடியவில்லை. அது 1951-ல் புற்றுநோயில் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட செல்லின் வாரிசுகளிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது.

"இதெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்கு, பிளஸ் டூ பையனுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பையனும் குழந்தையில் போலியோ சொட்டு மருந்து குடித்தவன்தான், அதனால்தான்.

ஆல்பர்ட் சேபின் 1950-களில் வைரஸை மீண்டும் மீண்டும் வளர்த்து, பலம் குறைந்ததைப் பொறுக்கி எடுத்து அந்த மருந்தைச் செய்தார். ஏன் பலம் குறைந்தது என்பது அப்போது அவருக்கே தெரியாது. பல ஆண்டுகள் கழித்து வரிசையைப் படித்தபோது தெரிந்தது. மூன்றாம் வகையில் 472-வது எழுத்து மாறியிருந்தது, சி இருக்க வேண்டிய இடத்தில் யு. முதல் வகையில் 480, இரண்டாம் வகையில் 481. உறையிலும் வேறு மாற்றங்கள் உண்டு, இது மட்டுமே காரணம் அல்ல. ஆனால் மூன்றுமே விழுந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். எல்லாம் அந்த 740-க்குள், ஐரெஸில், அதிலும் 4ஜி-யின் பின்பாதி வந்து ஒட்டும் மடிப்பில்! அந்த எழுத்து மாறினால் பிடி தளர்கிறது. நரம்பு செல்லில் வைரஸ் புரதம் சரியாகக் கட்டப்படுவதில்லை. குடலில் சமாளித்து வளர்ந்துவிடுகிறது. குழந்தைக்கு நோய் வராமல் எதிர்ப்புச் சக்தி மட்டும் வருவதில் இந்த ஓரெழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓரெழுத்து மாற்றம் என்பதால் அது திரும்பவும் மாறும். மருந்து குடித்த குழந்தையின் குடலில் சில நாட்களிலேயே 472 பழைய சி ஆகிவிடுவதை 1980-களிலேயே பார்த்துவிட்டார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மிக அரிதாக, சுமார் 27 லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற கணக்கில், மருந்தே முடக்குவாதம் தருகிறது. தடுப்பூசி குறைவாகப் போட்ட ஊர்களில் இப்படித் திரும்பிய வைரஸ் ஆளுக்கு ஆள் பரவவும் செய்கிறது. 2022-ல் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஒருவருக்கு முடக்குவாதம் வந்தது இந்த வகையால்தான்.

இந்தத் தகவலின் அரைகுறை வடிவம்தான் வாட்ஸப்பில் "சொட்டு மருந்தே விஷம்" என்று சுற்றுகிறது. அதே சொட்டு மருந்தால்தான் இந்தியாவில் காட்டு போலியோ ஒழிந்தது. கடைசி நோயாளி 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தை. ரெண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள 472 தெரிய வேண்டும். ரெண்டு மார்க் விடையை வைத்துக்கொண்டு வாட்ஸப் மாமாவுக்குப் பதில் சொல்ல முடியாது. "கைப்பற்றி" என்பார் பையன், "அதான் சொல்றேன், கைப்பற்றிடும்" என்பார் மாமா.

472 தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டாம் வகைக்குப் புது சொட்டு மருந்து செய்தார்கள். ஐரெஸின் அந்த மடிப்பில் ஓரெழுத்து மாறினால் பழையபடி ஆகிவிட முடியாதபடி பல எழுத்துகளைச் சேர்த்து மாற்றி எழுதினார்கள். 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அவசரப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது, 2021 மார்ச்சில் நைஜீரியாவில் பயன்பாடு தொடங்கியது, 2023 டிசம்பரில் முழுத் தகுதி கிடைத்தது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இன்னும் துணிச்சலாக ஒன்று. போலியோவின் ஐரெஸைக் கழற்றிவிட்டு ஜலதோஷ வைரஸின் ஐரெஸை மாட்டினார்கள். அப்படி மாட்டிய வைரஸால் நரம்பு செல்லில் புரதம் கட்ட முடியவில்லை, மூளைப் புற்றுக்கட்டியின் செல்லில் முடிந்தது. 2018-ல் வெளியான முடிவுப்படி 61 நோயாளிகளில் 21 சதவீதம் பேர் மூன்று ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஒப்பீடு பழைய நோயாளிகளோடுதான், ஆகவே வெற்றி என்று கொட்டடிக்க இது போதாது. ஆனால் யோசனை எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. எந்த வாசலில் எந்த செல்லின் எந்தப் புரதம் நிற்கிறது என்ற கேள்வியிலிருந்து.

மற்ற வைரஸ்களை விரித்தால் இடம் போதாது. ஃப்ளூ வைரஸ் செல்லின் ஆர்.என்.ஏ.க்களிலிருந்து தொப்பியையே வெட்டித் தன் தலையில் வைத்துக்கொள்கிறது. அந்தத் தொப்பி வெட்டும் கத்தரியைத் தடுப்பதுதான் 2018-ல் வந்த பலோக்சவிர் மாத்திரை. கொரோனா வைரஸின் என்எஸ்பி-1 ரைபோசோமின் சின்னத் துண்டில் ஆர்.என்.ஏ. நுழையும் வழியில் அடைப்பான் மாதிரி சொருகிக்கொள்கிறது. "வைரஸுக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது" என்பதும்கூட எல்லா இடத்திலும் நிற்காது. 2018-ல் பிரேசிலில் கண்டுபிடித்த டூபான் வைரஸ் 20 அமினோ அமிலங்களுக்கும் வேண்டிய நொதிகளின் மரபணுக்களை வைத்திருக்கிறது, ரைபோசோம் மட்டும்தான் இல்லை.

"சிலபஸ் ஏற்கெனவே தாங்கவில்லை, இதை வேறு சேர்ப்பதா?" என்பார்கள். எதையும் சேர்க்க வேண்டாம். பிசிபிபி-2 என்ற பெயரை மனப்பாடம் செய்ய வைத்தால் அது இன்னொரு ரெண்டு மார்க் ஆகிவிடும், அவ்வளவுதான். கேள்வியை மாற்றினால் போதும். அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டும், காய்ச்சல்காரருக்கு வந்திருப்பது ஃப்ளூ, மாத்திரை உதவுமா, ஏன்? முயல் சாற்றில் ரைபோசோம் இருந்தும் போலியோ புரதம் தப்பாக வந்தது, மனித செல்லின் சாற்றைச் சேர்த்ததும் சரியானது, இதிலிருந்து என்ன தெரிகிறது? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும். இதற்கு கைடில் விடை இருக்காது. திருத்துபவர் ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டியிருக்கும், சிக்கல் அங்கேதான்.